மரக்கட்டை வீட்டுச் சாயப்பூச்சு

மரக்கட்டை வீட்டுச் சாயப்பூச்சு என்பது, முழு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி எழுப்பிய வீட்டின் வெளிச்சுவர்களை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பதற்காக, நிறமி கலந்த நீர்மத்தைப் பூசும் வேலை ஆகும். இத்தகைய வீடுகள் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் மிகுதியாகக் காணப்படுகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு உரிமையாளர்கள் பலர் இவ்வேலையைத் தாங்களே செய்கின்றனர். ஆங்கிலத்தில் ஸ்டெயின் எனப்படும் இப்பூச்சு, பெயின்ட்டைப் போலத் தடித்த படலமாக நிற்பதில்லை. பெரும்பகுதி மரத்துக்குள் ஊறிவிடுவதால் மரத்தின் வரிகள் வெளியே தெரியும்.

நீரை முற்றாகத் தடுப்பதே இப்பூச்சின் பணி எனப் பலர் கருதுவதுண்டு. உண்மையில், மழைநீரை வழிந்தோடச் செய்வதோடு, வெடிப்புகள் வழியே எப்படியும் உள்ளே புகுந்துவிடும் ஈரம் ஆவியாக வெளியேறவும் அது வழிவிட வேண்டும்.

மரம் கெடும் விதம்

மரத்தில் செல்லுலோசு இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் பொருள் லிக்னின் ஆகும். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் லிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்த லிக்னினை மழை கழுவிச் செல்ல, மேற்பரப்பில் தளர்ந்த இழைகள் மட்டும் எஞ்சி மரம் சாம்பல் நிறம் அடைகிறது. இம்மாற்றம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே நிகழ்வதால் கட்டையின் வலிமை குறைவதில்லை. ஆனால் தளர்ந்த இழைகளின்மேல் பூசப்படும் எதுவும் நிலைத்து நிற்காது.

அழுகல் இதனினும் பெரிய கேடு. மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்கு ஈரம் தேவை. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ள மரம் அழுகுவதில்லை. ஈரமான கட்டையின்மேல் வார்னிசு போன்ற இறுகிய படலத்தைப் பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் படலத்தைக் கொப்புளங்களாக உரிக்கிறது. அல்லது உள்ளேயே தங்கி மரத்தை அழுகச் செய்கிறது. பளபளப்பாகத் தோன்றும் சுவரில் விரலால் அழுத்தினால் உள்ளே புகும் நிலையும் இவ்வாறே ஏற்படுகிறது.

உலர்த்துதலில் ஒரு சிக்கல்

புதிய கட்டைகள் உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் காத்திருக்கும் காலத்திலேயே வெயில் மேற்பரப்பைச் சிதைத்துவிடுகிறது. ஆகவே கட்டைகளைக் கூடியவரை மூடிய கொட்டகையில், காற்றோட்டத்துடன் உலர்த்துவது நல்லது. அதற்கு இயலாதபோது, பூசுவதற்குச் சற்று முன்னர் மேற்பரப்பை மீண்டும் துப்புரவு செய்ய வேண்டும். ஈரப்பதமானியின் ஊசிகளைச் சுவரின் பல இடங்களில், குறிப்பாகக் கட்டைகளின் முனைகளுக்கு அருகிலும் கீழ்வரிசையிலும் குத்திப் பார்ப்பது வழக்கம். தெற்குச் சுவர் உலர்ந்திருப்பதைக் கொண்டு வடக்குச் சுவரும் உலர்ந்துவிட்டது என எண்ணக்கூடாது.

மேற்பரப்பைத் தயார் செய்தல்

முழு வேலையின் பெரும்பகுதி இதுவே. பழைய படலத்தை நீக்க, மணலைக் காட்டிலும் மென்மையான மக்காச்சோளத் தக்கைத் துகள் அல்லது கண்ணாடித் துகளைக் காற்றழுத்தத்தில் வீசும் முறை பயன்படுகிறது. அழுக்கையும் சாம்பல் நிறத்தையும் அகற்றச் சோடியம் பெர்கார்பனேட்டுக் கரைசல் ஏற்றது. நீரில் கரைந்ததும் அது ஐதரசன் பெரொக்சைடை வெளியிடுகிறது. துணிக்குப் போடும் குளோரின் வெளுப்பான் மர இழைகளையே தாக்கக்கூடியது என்பதால் அதனைத் தவிர்ப்பது நன்று. இரும்பு ஆணிகளைச் சுற்றித் தோன்றும் கருநீலக் கறைகள் ஆக்சாலிக் அமிலத்தால் நீங்கும். இக்கறைகளை இரும்புக் கம்பி நாரால் தேய்ப்பது வீண்வேலை. மரத்தில் தங்கும் இரும்புத் துணுக்குகளே புதிய கறைகளை உண்டாக்கும்.

மரத்தை அளவுக்கு மீறி வழுவழுப்பாக இழைத்தாலும் சாயம் ஊறாது. சில துளி நீரைத் தெளித்துப் பார்ப்பது எளிய சோதனை. துளி உருண்டு நின்றால் மேற்பரப்பு இன்னும் மூடியுள்ளது. விரைவில் உறிஞ்சப்பட்டால் பூசலாம்.

பூஞ்சையையும் பூச்சிகளையும் தடுக்க, சாயத்துக்கு முன்னர் போரேட்டுக் கரைசல் தெளிக்கப்படுகிறது. போரேட்டு நீரில் கரையும் உப்பு. எனவே அது மரத்தின் ஈரத்தோடு உள்ளே பரவும். அதே காரணத்தால் மழையில் கரைந்தும் போகும். அதனைக் காக்கவும் மேற்பூச்சு தேவைப்படுகிறது.

வெடிப்புகள்

கட்டைகள் உலரும்போது நீளவாக்கில் வெடிப்பது இயல்பு. கீழ்நோக்கிய வெடிப்புகளை அப்படியே விடலாம். மேல்நோக்கியவை நீரைத் தேக்குவதால், ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானவற்றை அடைக்க வேண்டும். முதலில் நுரைக் கயிறு ஒன்றைத் திணித்து, அதன்மேல் நெகிழ்வான அடைப்புப் பசை இடப்படுகிறது. கயிற்றின்மேல் பசை ஒட்டாது; இரு பக்கச் சுவர்களை மட்டும் பற்றிக்கொள்ளும். அதனால் வெடிப்பு விரிந்து சுருங்கும்போது பசை ரப்பரைப் போல இழுபடும். அடியிலும் ஒட்டியிருந்தால் அவ்வாறு இழுபட இயலாமல் கிழிந்துவிடும்.

பூசுதல்

சாயத்தின் அளவைக் கணக்கிடும்போது பலர் தவறுகின்றனர். உருண்டைக் கட்டைச் சுவரின் வெளிமுகம் அரைவட்டங்களால் ஆனது. அரைவட்டத்தின் நீளம் விட்டத்தைப் போல் 1.57 மடங்கு. ஆகவே 30 சதுர மீட்டராகத் தோன்றும் சுவரின் உண்மையான பரப்பு 47 சதுர மீட்டர் வரை இருக்கக்கூடும்.

நிறமியே புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள் என்பதால், நிறமற்ற பூச்சுகள் விரைவில் தோற்கின்றன. கடும் வெயிலிலும் உறைபனிக் குளிரிலும் பூசக்கூடாது. நிழலைப் பின்தொடர்ந்து சுவர் மாற்றி வேலை செய்வது வழக்கம். தெளிப்பானால் தெளித்தாலும், உடனே தூரிகையால் தேய்த்து மரத்துக்குள் செலுத்த வேண்டும். ஒரு கட்டையை முனை முதல் முனை வரை முடித்த பின்னரே நிறுத்த வேண்டும். நடுவில் நிறுத்தினால் திட்டு விழும். கட்டைகளின் வெட்டுமுனைகள் நீரை மிகுதியாக உறிஞ்சுவதால் அவற்றுக்குக் கூடுதல் பூச்சு தேவை. அகன்ற இறவாரம் உள்ள வீட்டில் பூச்சு நெடுநாள் நிற்கும்.

தீ இடர்

எண்ணெய் வகைச் சாயங்கள் பலவற்றில் ஆளிவிதை எண்ணெய் உள்ளது. இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிசனோடு வினைபுரிந்தே உலர்கிறது. அவ்வினையில் வெப்பம் உண்டாகிறது. எண்ணெயில் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால், வெளியேற முடியாத வெப்பம் பெருகித் தானே தீப்பற்றும். 1991 பெப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவில், ஒன் மெரிடியன் பிளாசா என்னும் 38 மாடிக் கட்டடத்தில் பற்றிய தீ இவ்வாறு தொடங்கியதே. மரப்பலகைகளுக்கு மெருகிட்டவர்கள் 22 ஆம் மாடியில் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே அதற்குக் காரணம். மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். துணிகளைத் திறந்தவெளியில் விரித்து உலர்த்துவது, அல்லது நீர் நிரப்பிய உலோகக் கலனில் போட்டு மூடுவது பாதுகாப்பானது.

சுவீடனின் செம்பூச்சு

சுவீடனின் நாட்டுப்புற வீடுகளில் காணப்படும் சிவப்புப் பூச்சின் நிறமி, ஃபாலுன் நகரச் செப்புச் சுரங்கத்தின் கழிவிலிருந்து கிடைப்பது. இரும்பு ஆக்சைடு மிகுந்த இந்நிறமியை நீர், கம்பு வகையைச் சேராத ரை என்னும் தானிய மாவு, ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றோடு சேர்த்துக் காய்ச்சுவர். ஈரம் தடையின்றி வெளியேறுவதால், சுரண்டப்படாத கரடுமுரடான மரத்துக்கு இது மிகவும் பொருந்தும். பழைய பூச்சு உரிந்து வராமல் தூளாக உதிர்வதால், மறுமுறை பூசும்போது கம்பித் தூரிகையால் தட்டிவிட்டாலே போதும். சுரங்கம் 1992 இல் மூடப்பட்டது. 2001 இல் யுனெசுக்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. சேர்ந்து கிடக்கும் கழிவிலிருந்து நிறமி இன்றும் தயாரிக்கப்படுகிறது.