வீட்டு இணையத்தின் வாயிற்காவல்

மதில் எழுப்பிக் கோட்டையைக் காத்தனர் முன்னோர். இன்று வீட்டு இணையத்தைக் காப்பது, ரூட்டர் எனப்படும் திசைவியில் அமைந்த தீச்சுவர் ஆகும். உள்ளிருந்து நாம் கேட்டுப் பெறும் தரவை அது அனுமதிக்கும். கேளாமல் வருவதை வாயிலிலேயே தடுக்கும்.

ஆயினும், இயல்பான காவல் மட்டும் எப்போதும் போதுமானதன்று. 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத கண்காணிப்புக் கேமராக்களையும் திசைவிகளையும், ‘போர்ட்’ எனப்படும் எண்ணிட்ட வாயில்களுள் பெரும்பாலும் 23ஆவதன் வழியே கைப்பற்றியது. உரியவர் அறியாமலே அவை பிற இணையதளங்களைத் தாக்கும் படையாயின.

இத்தகைய தீங்கைக் குறைக்க நாமே விதிகளைச் சேர்க்கலாம். எங்கிருந்து வருவது, எங்குச் செல்வது, எந்த நெறிமுறை, எந்த வாயில், அனுமதியா தடையா என்னும் ஐந்தும் ஒரு விதியின் உறுப்புகளாம். பெரும்பாலான திசைவிகள் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துவதையே ஏற்கும். ‘கேமரா இணையத்தை அணுகுவதைத் தடு’ என்னும் விதி, ‘அனைத்தையும் அனுமதி’ என்பதற்குக் கீழே நின்றால் பயனற்றுப் போகும். எனவே, சிறப்பு விதி முன்னும் பொது விதி பின்னும் நிற்றல் வேண்டும். சேர்த்த விதி உண்மையிலேயே தடுக்கிறதா எனச் சோதித்தறிதலும் இன்றியமையாதது.