சுருக்குப் பைக்குள்ளே ஒரு லாரி கம்பெனி!

நாங்கள் இருப்பது ஒரகடத்தில், மூன்றாவது மாடியில், ஒற்றை 'பெட்ரூம்' வாடகை வீடு. ஹாலில் நாலு பேர் உட்கார்ந்தால், ஐந்தாவது ஆள் அடுப்படியில்தான் நிற்க வேண்டும்! என்னவருக்குக் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் 'ஷிப்ட்' வேலை. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் தொழிற்சாலை வந்தது. அப்படி ஒவ்வொரு கம்பெனியாக வர வர, எங்களைப் போலத் தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம்.

மாடியை விட்டு இறங்கினால் 'கன்டெய்னர்' லாரிகள். பிள்ளைகளைத் தெருவில் விளையாட விட பயம். அதனால், எட்டு வயதுப் பெரியவனுக்கு, 'பிளாக்ஸ்'தான் உலகம். ஐந்தாம் பிறந்த நாளுக்கு என் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு 'லெகோ' பெட்டி வாங்கி வந்தான். பிறகு தீபாவளிக்கு ஒன்று, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியதற்கு ஒன்று, வீடு காலி செய்து போன பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்தது ஒரு பை... மூன்றே வருஷத்தில், 25 கிலோ அரிசிப் பையில் முக்கால் பை சேர்ந்து விட்டது.

கட்டில் அடியில், மிக்சி பின்னால், தலையணை உறைக்குள்... எங்கே பார்த்தாலும் அதுதான். 'நைட் ஷிப்ட்' முடிந்து வந்தவர், தூங்கும் பிள்ளைகளை எழுப்பக் கூடாதே என்று லைட் போடாமல் நடந்து, அதன் மேல் கால் வைத்து, 'அம்மா...' என்று உட்கார்ந்து விட்டார். மிதித்தவர்களுக்குத் தெரியும் அந்த வலி!

அதையாவது சிரித்து மறந்தோம். மறக்க முடியாதது வேறு. பதினோரு மாதச் சின்னவள் ஒரு நாள் சத்தமே இல்லாமல் இருந்தாள். சோறு வடித்துக் கொண்டிருந்தவள், சந்தேகப்பட்டு ஓடி வந்து பார்த்தால், வாயில் மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளித் துண்டு! நல்ல வேளை, உதட்டோரமாகவே இருந்தது, எடுத்து விட்டேன். தொண்டைக்குள் போயிருந்தால்..? கை, கால் நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆனது.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், 'இந்தச் சனியனை எல்லாம் மூட்டை கட்டித் தூக்கிப் போடு தாயீ...' என்றார். எனக்கும் ஆத்திரம். இருந்ததை எல்லாம் வாரி அரிசிப் பையில் கொட்டிக் கட்டி, 'லாப்ட்'டில் ஏற்றி விட்டேன். டி.வி.,க்குக் கீழே பாதி கட்டி நின்ற லாரியையும் சேர்த்துத்தான்.

பள்ளி விட்டு வந்தவன் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. 'அப்பா லாரி எங்கம்மா?' என்று மட்டும் கேட்டான். ராத்திரி சாப்பிடாமல் படுத்து விட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'ஷிப்ட்' வேலையில் அப்பாவும், பிள்ளையும் நிதானமாக முகம் பார்ப்பது வாரத்தில் ஒரே நாள். அந்த வார லீவு நாளில், மூன்று வாரமாக இருவரும் சேர்ந்து கட்டிய லாரி அது. நான் உடைத்தது பிளாஸ்டிக்கை மட்டும் அல்ல!

அடுத்த லீவில் என்னவர் மூட்டையை இறக்கினார். 'கம்பெனியில 'பைவ் எஸ்'னு ஜப்பான்காரங்க முறை ஒண்ணு இருக்கு. வேண்டாததைப் பிரி, வேண்டியதுக்கு இடம் ஒதுக்கு, சுத்தம் பண்ணு, எல்லாருக்கும் ஒரே முறை வை, அதையே பழக்கமாக்கு. அவ்வளவுதான். வீட்டுல செஞ்சு பார்ப்போம்...' என்றார். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம்.

முதலில், சின்னவள் விழுங்கக் கூடிய பொடித் துண்டுகளைப் பிரித்தோம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது என்பதை, பெட்டியிலேயே குழந்தை முகத்தின் மேல் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள், நான்தான் கவனிக்கவில்லை. (2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ., முத்திரை கட்டாயம். அதையும் பார்த்து வாங்குங்கள்.) என் கல்யாணச் சீரில் வந்து சும்மா கிடந்த எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டிக்கு வேலை வந்தது. சக்கரம், விளக்கு, பொம்மைத் தலை என்று கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டு, இறுக மூடி, பீரோ மேல் வைத்தாயிற்று. சின்னவள் தூங்கும்போது மட்டும்தான் அது கீழே இறங்கும்.

மற்றதை நான் கலர் கலராகப் பிரித்தேன். பார்க்க அழகாக இருந்தது. பெரியவன் சிரித்தான். 'சிவப்பு டப்பாக்குள்ள சின்னச் சிவப்பைத் தேடினா கிடைக்காதும்மா. ஒரே மாதிரி துண்டா பிரிச்சு வை. கலர் தானா கண்ணுல படும்...' என்றான். அவன் சொன்னதுதான் சரி! காலி ஸ்வீட் டப்பாக்கள் நாலு எடுத்து, எதில் எந்தத் துண்டு என்று மூடி மேல் அவனே படம் வரைந்து ஒட்டினான். நாலும் கட்டில் அடியில்.

தினமும் விளையாடும் துண்டுகளுக்கு வழி சொன்னவர், தூக்கிப் போடச் சொன்ன மாமியாரேதான்! இடுப்பிலிருந்து வெற்றிலைச் சுருக்குப் பையை எடுத்துக் காட்டி, 'இதையே பெருசா தைச்சா என்ன?' என்றார். பழைய பெட்ஷீட்டை ஐந்தடி அகலத்துக்கு வட்டமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, உள்ளே நாடா கோத்தோம். விரித்தால் விளையாடும் இடம். நாடாவை இழுத்தால் மூட்டை. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்ட ஒரு நிமிஷம் போதும்.

மாதம் ஒரு முறை, வெங்காயம் வாங்கும் வலைப் பையில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துவைக்கிற தூள் கலந்து அலசி, நிழலில் காய வைக்கிறேன். 40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது என்று 'லெகோ' கம்பெனியே சொல்கிறது. வெயிலில் போட்டால் நிறம் மங்கி, மஞ்சளாகி விடும்.

நாலு டப்பாவும் நிறைந்தால் புதுசு கிடையாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். புதுப் பெட்டி கேட்டால், ஒரு கணக்கைச் சொல்வேன்... எட்டுப் புள்ளி உள்ள ஒரே கலர் துண்டுகள் ஆறு இருந்தால் போதுமாம். 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் சேர்க்கலாமாம்! டென்மார்க்கில் 1958ல் வந்த துண்டு, இன்று வாங்குவதோடும் பொருந்துகிறது. ஆகவே, சின்னவள் வளர்ந்ததும் இதையே எடுத்துக் கொள்ளலாம். அதுவரை அவளுக்கு டம்ளரும், கரண்டியும்தான்!

கடைசியாக, நான் செய்த தப்புக்கு ஒரு பரிகாரம். 'ப்ரிஜ்' மேல் ஒரு பழைய தட்டு வைத்திருக்கிறோம். பாதி கட்டிய எதுவும் அதில்தான் இருக்கும். நான் உட்பட யாரும் கலைக்கக் கூடாது. புது லாரி இப்போது அங்கேதான் வளர்கிறது. 'நைட் ஷிப்ட்' முடிந்து வருபவர் இரண்டு துண்டு சேர்த்து விட்டுப் படுப்பார். பெரியவன் எழுந்ததும் ஓடிப் போய், 'அப்பா இன்னிக்கு என்ன வச்சிருக்காரு?' என்று பார்த்து, தன் பங்குக்கு இரண்டு வைத்து விட்டுப் பள்ளிக்குப் போகிறான்.

தோழியரே... வீடு அடைசல் என்ற கோபத்தில் பிள்ளைகளின் சாமானை வாரிக் கொட்டும் முன், அது பாதியில் நிற்கும் வேலையா என்று ஒரு நிமிஷம் பாருங்கள். அதற்கு ஒரு தட்டு அளவு இடம், எந்தச் சின்ன வீட்டிலும் இருக்கும்!

— ஒரு வாசகி, ஒரகடம்.