கொலம்பஸைக் கைவிட்ட கப்பல்... கரைசேர்த்த கப்பல்! பாய்மரக் கப்பல்களில் இத்தனை வகைகளா?

1492, டிசம்பர் 24 இரவு. இன்றைய ஹைட்டி நாட்டின் வடகரையை ஒட்டி 'சாண்டா மரியா' மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கடலில் அலையே இல்லை. இரண்டு நாள்களாகச் சரியாகத் தூங்காத கொலம்பஸ் படுக்கப் போய்விட்டார். சுக்கான் பிடித்திருந்த மாலுமியும் அதை ஒரு சிறுவனிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப்போனார். நள்ளிரவு வாக்கில் கப்பல் தரைதட்டியது. எவ்வளவோ முயன்றும் அதை மீட்க முடியவில்லை.

கொலம்பஸ் கிளம்பியது மூன்று கப்பல்களில் என்பது நமக்குப் பள்ளிக்கூடப் பாடம். ஆனால், அந்த மூன்றும் ஒரே ரகம் இல்லை என்பதைப் பாடப் புத்தகம் சொல்வதில்லை. சாண்டா மரியா, 'நாவ்' என்கிற சரக்குக் கப்பல். பருத்த வயிறு, அதிக எடை, ஆழமாக நீரில் இறங்கும் அடிப்பகுதி. 'நீனா'வும் 'பிண்டா'வும் 'காரவெல்' வகை. சிறியவை, எடை குறைந்தவை, ஆழமில்லாத இடங்களிலும் கரையை நெருங்கக்கூடியவை. புதிய இடங்களைத் தேடிப்போக சாண்டா மரியா லாயக்கில்லாத கனத்த கப்பல் என்று கொலம்பஸே தன் நாட்குறிப்பில் அலுத்துக்கொண்டிருக்கிறார்.

உடைந்த கப்பலின் மரங்களை வைத்து அங்கேயே ஒரு கோட்டை கட்டினார்கள். எல்லோரையும் ஏற்றிக்கொள்ள இடமில்லாததால் 39 பேர் அங்கே விடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு கொலம்பஸ் திரும்பி வந்தபோது கோட்டை எரிந்து கிடந்தது. ஒருவர்கூட உயிரோடு இல்லை. கொலம்பஸை அட்லாண்டிக் புயலைத் தாண்டி ஸ்பெயினில் கொண்டுபோய்ச் சேர்த்தது, சின்னஞ்சிறு நீனாதான்.

முக்கோணமா, சதுரமா?

காரவெல்லின் பலம் அதன் பாயில் இருந்தது. சதுரப் பாய், பின்னாலிருந்து காற்று அடித்தால் கப்பலை ஜோராகத் தள்ளும். எதிர்க்காற்று என்றால் திணறும். முக்கோணப் பாய் இருந்தால், எதிர்க்காற்றிலும் இடதும் வலதுமாக வளைந்து வளைந்து முன்னேறலாம். போர்ச்சுக்கீசியர்கள் 15-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரையோரம் தெற்கே போகக் காற்று உதவியது. ஊர் திரும்பும்போது அதே காற்றுதான் எதிரி. அந்தச் சிக்கலைச் சமாளிக்க உதவியது முக்கோணப் பாய் கட்டிய காரவெல். 1488-ல் பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியதும் காரவெல்லில்தான்.

முக்கோணப் பாயோடு கிளம்பிய நீனாவுக்கு, வழியில் கேனரி தீவுகளில் சதுரப் பாய் மாட்டினார் கொலம்பஸ். அங்கிருந்து மேற்கே போகும்போது காற்று பின்னாலிருந்து வீசும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு தப்பவில்லை.

நாவ் இன்னும் பெரிதாக வளர்ந்ததுதான் 'காரக்'. முன்னும் பின்னும் கோட்டை மாதிரி உயரமான மாடங்கள் இருக்கும். பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் முன்மாடம் காற்றை வாங்கிக் கப்பலைத் திசை திருப்பிவிடும். முன்மாடத்தைத் தாழ்த்தி, உடலை நீளமாக்கியபோது 'காலியன்' பிறந்தது. கடற்கொள்ளையர் படங்களில் தங்கத்தை ஏற்றிக்கொண்டு வருமே, அந்த ஸ்பானியக் கப்பல்கள் பெரும்பாலும் இந்த ரகம்.

1,300 மீட்டரில் முடிந்த பயணம்

பீரங்கிகளைக் கப்பலுக்குள் அடுக்க ஆரம்பித்த பிறகு எடைதான் பெரிய பிரச்னை. ஸ்வீடன் மன்னர் இரண்டாம் கஸ்தவ் அடால்ஃப் கட்டச் சொன்ன 'வாசா' அதற்குச் சாட்சி. இரண்டு தளங்களில் பீரங்கிகள், மொத்தம் 64. உடம்பு முழுக்க வண்ணச் சிற்பங்கள். ஆனால், மேலே இருந்த எடைக்கு ஏற்ற அகலமும் இல்லை, அடியில் போடும் பாரமும் போதவில்லை.

இது முன்கூட்டியே தெரிந்தும் இருந்தது என்பதுதான் கொடுமை. கப்பல் துறையில் நின்றபோது 30 பேரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் கவிழ்ந்துவிடும்போல ஆடியதால் நிறுத்தச் சொல்லிவிட்டார் கடற்படைத் தளபதி. போர்க்களத்தில் இருந்த மன்னரோ சீக்கிரம், சீக்கிரம் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் யார் சொல்வது?

1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் இருந்து கிளம்பிய வாசா, சுமார் 1,300 மீட்டர்தான் போனது. ஒரு வேகக் காற்றில் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கித் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது. சுமார் 30 பேர் இறந்தார்கள். விசாரணை நடந்தது, யாருக்கும் தண்டனை இல்லை. 1961-ல் மேலே தூக்கப்பட்ட அந்தக் கப்பலை இப்போதும் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அதே காலத்தில் டச்சுக்காரர்கள் நேர் எதிராக யோசித்தார்கள். 1595-ல் ஹோர்ன் நகரில் உருவான 'ஃப்ளூட்' கப்பலில் அலங்காரம் கிடையாது, பீரங்கியும் அநேகமாகக் கிடையாது. பேரிக்காய் போல அடியில் உப்பி, மேலே குறுகிய உடல். வயிறு முழுக்கச் சரக்கு. கயிறும் கப்பியும் வைத்துப் பாய்களை இழுத்ததால் குறைந்த ஆட்களே போதும். மேல்தளம் ஏன் அவ்வளவு குறுகல்? தளத்தின் அளவை வைத்து டென்மார்க் சுங்கவரி போட்டதால் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அழகுப் போட்டியில் ஃப்ளூட் தோற்கும். ஆனால், டச்சுக்காரர்களின் கல்லாவை நிரப்பியது அதுதான்.

பிற்காலப் போர்க்கப்பல்களை அடையாளம் காணச் சுலபமான வழி, பீரங்கித் தளங்களை எண்ணுவது. இரண்டு, மூன்று தளங்கள் என்றால் வரிசையில் நின்று மோதும் பெரிய கப்பல். 1805 டிராஃபல்கர் போரில் நெல்சன் இருந்த 'விக்டரி'யில் மூன்று தளங்கள், 104 பீரங்கிகள். ஒரே தளம் என்றால் பெரும்பாலும் 'ஃபிரிகேட்'. வேகமாகப் போய் உளவு பார்க்க, வணிகக் கப்பல்களுக்குக் காவல் போக.

இங்கே நமக்கு நெருக்கமான ஒரு பெயர் வருகிறது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதந்துகொண்டிருக்கும் ஃபிரிகேட் ஒன்றின் பெயர் 'டிரிங்கோமலி'. ஆம், நம் திருகோணமலைதான்! 1782-ல் அந்தத் துறைமுகத்துக்கு அருகே பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் மோதியதன் நினைவாக வைத்த பெயர். 1817-ல் பம்பாயில், தேக்கு மரத்தில் கட்டப்பட்ட கப்பல் இது.

பாய்மரக் காலத்தின் கடைசி நட்சத்திரம் 'கிளிப்பர்'. ஒல்லியான உடல், கத்தி போன்ற முன்பக்கம், வானளாவப் பாய்கள். சீனத் தேயிலையை லண்டனுக்கு முதலில் கொண்டுவரும் பந்தயத்துக்காகவே 1869-ல் 'கட்டி சார்க்' கட்டப்பட்டது. அது தண்ணீரில் இறங்குவதற்குச் சில நாள்கள் முன்புதான் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. குறுக்குவழி நீராவிக் கப்பல்களுக்குச் சாதகமாகிவிட, தேயிலைத் தொழில் மெல்லக் கைநழுவியது. கட்டி சார்க் ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றப் போய், 1885-ல் சிட்னியில் இருந்து 73 நாள்களில் லண்டன் சேர்ந்து பெயர் வாங்கியது.

1895-ல் அதை ஒரு போர்ச்சுக்கீசிய நிறுவனம் வாங்கி 'ஃபெரெய்ரா' என்று பெயர் மாற்றியது. ஸ்காட்லாந்து வழக்கில் 'கட்டி சார்க்' என்றால் குட்டை உள்சட்டை. புது மாலுமிகளுக்கு அது தெரிந்திருக்கிறது. அவர்கள் கப்பலைச் செல்லமாக அழைத்தது, போர்ச்சுக்கீசிய மொழியில் 'சின்னச் சட்டை' என்று.