லயத்து வீட்டில் பைப்பு ஒழுகினால்…

பைப்பு சொட்டினால் சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கட்டிவிடுகிறோம். அவசரத்துக்குச் சரி. வாசர் தேய்ந்தால் மாற்றுவதும் நம் கைவேலைதான். சுவருக்குள் குழாய் உடைந்தால்?

“நீங்களே ஆளைப் பிடிச்சுச் செஞ்சுக்குங்க” என்று மண்டோர் சொன்னால் தலையாட்டாதீர்கள். தீபகற்பத்தில், 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டப்படி, தொழிலாளிக்கு வீடு தரும் முதலாளி குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும். வீட்டையும் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும். ஆள் பிடிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. பொதுக் குழாய் இணைப்பில் கைவைக்க, ‘ஸ்பான்’ ஆணையத்தின் அனுமதி பெற்றவர்தான் வரவேண்டும்; தெரிந்த பையன் ஆகாது.

கிராணியாரிடம் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், நாம் பார்க்காததா! தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், நகல் எடுத்து வையுங்கள். அப்புறமும் அசைவில்லையா? நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். லயத்தைப் பார்வையிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.