ஓடும் வண்டியில் வானொலி

காற்றில் மிதந்துவரும் கானம் என்று வானொலியைப் புகழ்ந்துரைப்பார் பலர். உண்மையில் வானொலி அலைக்குக் காற்றுந் தேவையில்லை. வெற்றிடத்தும் அது விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில் விரையும். அவ்வலையை ஓடும் மோட்டார் வண்டியிலுள்ள கருவி எவ்வாறு பற்றி ஒலியாக்குகின்றது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு என்னைத் தூண்டியது எம் இல்லத்து நிகழ்ச்சியொன்று.

எம் ஊர் பழைய மாமல்லபுரச் சாலையிலுள்ள நாவலூர். என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். நள்ளிரவில் தனியே வண்டியோட்டுங்கால் அவருக்குத் துணை வானொலியே. 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் எங்கள் தெருவில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றபொழுது, வண்டியின் பாட்டரியில் ஓடிய அவ்வானொலியைச் சூழ்ந்து அண்டை வீட்டார் செய்தி கேட்டது எனக்கு இன்றும் நினைவிலுளது. சென்ற ஆண்டில் தந்தையார் பழைய ரேடியோவை நீக்கி, வழிகாட்டும் படமும் தொலைபேசித் தொடர்பும் ஒருங்கேயமைந்த மல்டிமீடியா கருவியொன்றைப் பொருத்தினார். அன்றுதொட்டு வானொலியில் இரைச்சலேயன்றி வேறில்லை. பொருத்தியவரோ, "உங்கள் ஊரில் கண்ணாடிக் கட்டடங்கள் மிகுதி, அங்கே ரேடியோ எடுக்காது. வேண்டுமானால் இதனினும் உயர்ந்த கருவி வாங்குங்கள்" என்றார். அதன் விலை எம் குடும்பத்தின் ஒரு திங்கட் செலவுக்குச் சமம். அவர் கூற்று மெய்யோ என்று துணிதற்கு அலையின் இயல்பை அறிதல் வேண்டும்.

சென்னைக்கு வானொலி புதிதன்று. 1924-ஆம் ஆண்டிலேயே சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றி ஒலிபரப்பிற்று. அது பொருள்முட்டுப்பாட்டால் நின்றபின், 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிற்று. 1977-இல் இந்தியாவின் முதற் பண்பலை ஒலிபரப்பும் சென்னையிலேயே எழுந்தது.

பழைய மத்திய அலைக்கும் பண்பலைக்கும் உள்ள வேறுபாடு யாது? முன்னதில் ஒலிக்கேற்ப அலையின் வீச்சு கூடிக் குறையும். பின்னதில் அதிர்வெண் கூடிக் குறையும். மின்னலும் எஞ்சின் பொறியும் பெரும்பாலும் வீச்சையே கெடுப்பன. ஆதலின் பண்பலையில் இரைச்சல் குறைவு. ஆயினும் அதற்கும் ஒரு குறையுண்டு. 1,000 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையின் நீளம் 300 மீட்டர். அது வீடுகளை எளிதில் வளைந்து செல்லும். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலையின் நீளம் 3 மீட்டரே. அது பெருங்கட்டடத்தின் பின்னே நிழல்போல் நலியும்.

இனி, வண்டியினுள் நிகழ்வது காண்போம். அலை ஏரியல் என்னும் கம்பியிற் படுங்கால் அதில் மிக நுண்ணிய மின்னோட்டம் எழும். அலைநீளத்தில் நாலிலொரு பங்கு, அஃதாவது பண்பலைக்கு ஏறக்குறைய 75 சென்டிமீட்டர், ஏரியலுக்குத் தக்க நீளமாம். பழைய கார்களில் நீண்ட கம்பி நின்றது இதனாலேயே. இக்காலத்துக் கூரையில் நிற்குங் குட்டைக் கம்பியும், சுறாமீன் துடுப்புப் போன்ற அமைப்பும் அந்நீளமில்லாதன. ஆகவே அவற்றுட் பலவற்றின் அடியில் சிறு பெருக்கியொன்று வைப்பர். அது வேலை செய்ய வண்டியின் மின்சாரம் வேண்டும்.

பெருகிய மின்னோட்டம் கருவியை அடைகின்றது. பல நிலையங்களின் அலைகள் அதிற் கலந்திருப்பினும், ஒன்றைப் பிரிக்குஞ் சூழ்ச்சியை ஆர்ம்ஸ்ட்ராங் என்பார் 1918-இல் கண்டார். நாம் 100 மெகாஹெர்ட்ஸை வேண்டினால், கருவி தானே 110.7 மெகாஹெர்ட்ஸ் அதிர்வொன்றை உண்டாக்கி அதனோடு கலக்கும். இரண்டின் வேறுபாடாகிய 10.7 மெகாஹெர்ட்ஸை மட்டும் வடித்தெடுத்து, அதினின்று ஒலியைப் பிரித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். புதிய கருவிகளில் இவ்வேலையின் பெரும்பகுதி கணக்காகவே ஒரு சிறு சில்லினுள் நடைபெறும்.

கட்டடங்கள் கெடுப்பதும் உண்மையே. நேரே வரும் அலையும் சுவரிற் பட்டு மீளும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடங்களுண்டு. ஆனால் அவ்விடம் சிறிது. வண்டி ஒரு முழமோ இரு முழமோ நகர்ந்தால் ஒலி தெளியும். சாலை விளக்கிடத்தில் நிற்கையில் இரைந்த பாட்டு, வண்டி சற்றே அசைந்ததும் தெளிவது இதனாலேயாம். எனவே குறை கட்டடத்தினதாயின், இடத்துக்கு இடம் மாறவேண்டும். வண்டியினதாயின், எங்குஞ் சமமாயிருத்தல் வேண்டும்.

இதனைச் சோதிக்க ஒரு மாலை வெட்டவெளியான கோவளக் கடற்கரைக்குச் சென்றோம். அங்கும் அதே இரைச்சல். தந்தையாரின் பழைய கைப்பேசியிலோ, காதிற் பொருத்துங் கம்பியே ஏரியலாக, அதே நிலையம் தெளிவாய்க் கேட்டது. நாவலூரிலும் அவ்வாறே. குறை வண்டியிலேதான் என்று துணிந்து, தாம்பரத்தில் ஒரு மின்வேலைக்காரரிடம் கருவியைக் கழற்றச் செய்தோம். ஏரியலின் பெருக்கிக்கு மின்சாரம் தரவேண்டிய நீலக் கம்பி எதனோடும் இணையாமல் தொங்கிக்கொண்டிருந்தது! அதை இணைத்ததும் பாட்டு எழுந்தது. கூலி நூறு ரூபாய்.

அறியாதவன் பிறர் சொல்லுக்கெல்லாம் விலை கொடுக்கின்றான். கட்டடத்தைப் பற்றி அவர் கூறியது முழுப் பொய்யன்று. ஆயினும் எம் வண்டிக்குப் பொருந்தாத மெய். அவ்விரண்டையும் பிரித்தறிதற்குச் சிறிதளவு விஞ்ஞானமே போதியதாயிற்று. இலக்கியம் பயிலும் மாணவரும் அச்சிறிதளவைப் புறக்கணியாதிருத்தல் நன்று. தந்தையார் இரவில் மீண்டும் தனியே செல்வதில்லை.