விமானியின் கையும் பொறியின் கைபிடியும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐக்கிய அமெரிக்க வான்படையில் ஒருவகை விபத்து மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. பீ-17 என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் குறையேதுமின்றித் தரையிறங்கும். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கையில் அதன் சக்கரங்கள் திடீரென மடங்கிவிட, விமானம் வயிற்றை நிலத்தில் தேய்த்துக்கொண்டு விழும். பொறியிலோ பழுதில்லை. ஆகவே ‘விமானியின் தவறு’ என்பதே காரணமாக எழுதப்பட்டது.

எழுதியதிற் பொய்யில்லை. இறக்கையின் பின்விளிம்பில் மடிப்புத் தகடுகள் உள்ளன. வேகம் குறைந்த நிலையிலும் விமானத்தைத் தாங்குபவை அவையே. தரையைத் தொட்டபின் அவற்றை மேலெடுப்பதற்குப் பதிலாக விமானி சக்கரங்களை மேலெடுத்துவிட்டார். ஆனால் தேர்ந்த விமானிகள் பலர் ஒரே தவற்றை ஒரே தருணத்திற் செய்வானேன்? இக்கேள்வியை எழுப்பியவர் அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர்.

அவர் விமானியின் மனத்தை ஆராய்வதோடு நில்லாமல் அவர் முன்னாலிருந்த பலகையையும் நோக்கினார். சக்கரங்களுக்கான ஆளியும் மடிப்புத் தகடுகளுக்கான ஆளியும் ஒரே வடிவில், அருகருகே அமைந்திருந்தன. சீ-47 விமானத்தை ஓட்டியவர்கள் இத்தவற்றைச் செய்யவில்லை. அதில் அவ்விரண்டும் வேறாகவே அமைந்திருந்தன. (டக்கோட்டா என வழங்கிய அவ்விமானமே 1947இல் எயர் சிலோன் நிறுவனத்தின் பெயரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது.) சப்பானிஸ் கண்ட பரிகாரம் மிக எளியது. சக்கரங்களை இயக்கும் ஆளியின் முனையில் சிறிய றப்பர்ச் சக்கரம் ஒன்று. மடிப்புத் தகட்டின் ஆளியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்று. கண் வேறெங்கோ நோக்கினாலும், தொட்டது எதுவென்று கை அறிந்துகொள்ளும். இன்றும் பயணிகள் விமானங்களில் சக்கரக் கைபிடி சக்கர வடிவிலும் மடிப்புக் கைபிடி இறக்கை வடிவிலும் இருத்தல் வேண்டுமென்பது விதியாகும்.

போர் முடிந்தபின், 1947இல், போல் பிற்ஸ், றிச்சட் ஜோன்ஸ் என்னும் இருவர், விமானிகள் தாமே எடுத்துரைத்த 460 கட்டுப்பாட்டுப் பிழைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறக்குறையப் பாதி, ஒரு கைபிடி இருக்க வேறொன்றைப் பற்றியதால் விளைந்தவை. விமானத்துக்கு விமானம் கைபிடிகளின் வரிசை மாறியிருந்தமை இதற்கு ஒரு காரணம். நேற்றுப் பழகிய கை இன்றும் அதே இடத்தைத்தானே நாடும்? ‘கவனமாயிரு’ என்று பலகை எழுதி மாட்டுவது மலிவு; கைபிடியை மாற்றுவதற்கோ பணமும் முயற்சியும் வேண்டும். நிருவாகங்கள் பலகையையே விரும்பியதில் வியப்பில்லை.

கவனத்திற்கும் ஓர் எல்லை உண்டு. நீர்மூழ்கிகளைத் தேடிய பிரித்தானிய வான்படையின் றேடார்க் காவலர், நேரஞ்செல்லச் செல்லத் திரையிற் புலப்படும் அடையாளங்களைத் தவறவிடுவதை அறிந்து, கேம்பிறிச்சைச் சேர்ந்த நோர்மன் மக்வேத் ஒரு சோதனை வகுத்தார். கடிகார முள் போன்ற ஒன்று நொடிக்கு ஒரு படி நகரும். எப்போதோ ஒருமுறை இரண்டு படி தாவும். அதனைக் கண்டு தெரிவிப்பதே வேலை. முதல் அரைமணி கழிந்ததும் தவறவிடுவோர் தொகை கூடியது. அரைமணி வேலை, அரைமணி ஓய்வு என மாற்றிமாற்றி அளித்தபோது திறமை குன்றவில்லை. 1948இல் வெளிவந்த இம்முடிவு, சோம்பலென்று கண்டிக்கப்பட்டதை உடலியல்பென்று காட்டிற்று.

இவ்வாறு போர்க்களத்திற் பிறந்த இத்துறைக்கு இங்கிலாந்தில் ‘ஏகொனோமிக்ஸ்’ என்று பெயர். வேலை, விதி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. அமெரிக்கர் ‘மனிதக் காரணிகள்’ என்பர். பயிற்சி வேண்டாமென்று இத்துறையினர் சொல்வதில்லை. பொறியின் குறையைப் பயிற்சியால் மூட முயல்வதையே அவர்கள் மறுக்கின்றனர்.

அம்மறுப்பு எத்துணை நியாயமானதென்பதை 1979 மார்ச் 28 காட்டியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள திறீ மைல் ஐலன்ட் அணுமின் நிலையத்தில், திறந்த ஒரு வால்வு மீண்டும் மூடாமற் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டதென்று பணியாளர் கொண்டனர். உண்மையில் அவ்விளக்கு, மூடும்படி கட்டளை சென்றதையே காட்டியது. மூடிற்றா என்பதை அது காட்டவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே எழுந்து, எது முதன்மையானதென அறியவொட்டாமற் செய்தன. இரண்டு மணி நேரத்திற்கு மேலாகக் குளிர்நீர் வெளியேறிற்று. அணுவுலையின் கருப்பகுதியில் ஒரு பங்கு உருகிப்போயிற்று.

அணுவுலை பெரிய காரியம். சப்பானிசோ 1959இல் அடுக்களையையே சோதித்தார். சதுரமாய் அமைந்த நான்கு அடுப்புகள், முன்னே ஒரே வரிசையில் நான்கு திருகிகள். எந்தத் திருகி எந்த அடுப்புக்கு? திருகிகளின் தொடர்பை எவ்வாறு மாற்றியமைத்தாலும் பிழைகள் நேர்ந்தன. பின் அடுப்புகளைச் சற்றே விலக்கி, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றும் தன் திருகிக்கு நேராக வருமாறு வைத்தபோது பிழையே நேரவில்லை. எனினும் சதுர அடுப்புகள் இன்றும் கடைகளில் விற்கப்படுகின்றன. பால் பொங்கும் வேளையில் வேறு திருகியைத் திருப்பிவிட்ட இல்லத்தரசி தம் மறதியையே நொந்துகொள்கிறார்.