வீடு கட்டித் தந்தாச்சு... ஊர் கரண்ட் பில்லை யார் கட்டுவது?

கோவை மாவட்டம் காரமடை ஒன்றியத்தில், மேட்டுப்பாளையத்தைத் தாண்டி நீலகிரி மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது ஓடந்துறை. பக்கத்தில் பவானி ஆறு, சுற்றிலும் பாக்குத் தோப்பு, இருட்டினால் யானை நடமாட்டம். உள்ளாட்சி பற்றிப் பேசுகிற மேடைகளில் இந்த ஊரின் பெயர் ரொம்ப நாளாக அடிபடுகிறது. காரணம், ஒரு காற்றாலை. 2006-இல் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையை ஊராட்சியே தன் பெயரில் வாங்கி நிறுத்தியது. நாட்டில் எந்தக் கிராம ஊராட்சியும் அதற்கு முன் செய்யாத காரியம் என்று பத்திரிகைகள் எழுதின. வெளிநாட்டுக் குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

கதை சொல்கிறவர்கள் காற்றாலையில் ஆரம்பித்துக் காற்றாலையிலேயே முடித்துவிடுகிறார்கள். அதற்கு முந்தைய பத்து வருடம்தான், இன்று ஏழைக்கு வீடு, கூரைக்குச் சூரிய ஒளி என்று திட்டம் போடுகிறவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி. ஏனென்றால் ஓடந்துறைக்கு முதலில் வந்தது காற்றாலை இல்லை, கரண்ட் பில்.

1996 வாக்கில் ஊராட்சியின் மின்கட்டணம் மாதம் 2,000 ரூபாய் அளவில் இருந்தது. நாலைந்து வருடத்தில் அது 50,000 ரூபாயைத் தொட்டது. யாரும் ஊதாரித்தனம் செய்யவில்லை. ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுக்கும் திட்டம் வந்தது, தெருவிளக்குகள் கூடின, வெளியூர் போய்ப் பிழைத்தவர்கள் தண்ணீரும் வீடும் கிடைக்கிறது என்று தெரிந்ததும் ஊர் திரும்பினார்கள். பிற்பாடு அரசின் பல வீட்டுத் திட்டங்களையும் திரட்டி ஏழைகளுக்காக அங்கே எழுந்த கான்கிரீட் வீடுகள் சுமார் 850. ஊருக்கு நல்லது நடக்க நடக்க, பில் ஏறிக்கொண்டே போனது.

வீட்டுத் திட்டங்களின் கணக்கில் இந்தச் செலவு எங்கேயும் வருவதில்லை. பயனாளி பட்டியல், அஸ்திவாரம், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாகப் பணம் வரும். சாவி கொடுத்துப் படம் எடுத்ததோடு கோப்பு மூடப்படும். அந்த வீட்டுக்காரம்மாவுக்கு மறுநாள் காலையில் குடத்தில் தண்ணீர் விழ வேண்டும் என்றால் அதற்கு முன்பே யாரோ ஒருவர் மோட்டாரைப் போட்டிருக்க வேண்டும். எந்த ஊராட்சியிலும் பார்க்கலாம்: விடியுமுன் டேங்க் ஆபரேட்டர் சைக்கிளில் வருவார். தகரக் கதவு போட்ட மோட்டார் ரூமைத் திறப்பார், மூன்று ஃபேசும் வந்திருக்கிறதா என்று விளக்கைப் பார்ப்பார், ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அமுக்குவார். மேல்நிலைத் தொட்டி நிரம்ப இரண்டு மணி நேரம், பிறகு தெருத் தெருவாக வால்வு திறக்கும் வேலை. மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு காலனி புதிதாக வந்தால் ஒரு போர்வெல் கூடும், ஒரு தொட்டி கூடும், பத்துக் கம்பத்தில் விளக்கு கூடும். ஊராட்சிச் செயலர் மேசையில் வெள்ளை மீட்டர் அட்டை இன்னும் இரண்டு சேரும்.

வீட்டுக்குள் எரியும் கரண்டுக்கு ஏழை பெரும்பாலும் பில் கட்டுவதில்லை. 2016 மே முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு டியூப்லைட், ஒரு ஃபேன், டிவி, மிக்ஸி என்று இருக்கும் வீடு அதற்குள் அடங்கிவிடும். கிராமத்தில் காசு கொடுத்துக் கரண்ட் வாங்கும் பெரிய வாடிக்கையாளர் ஊராட்சிதான். ஆனால், பசுமை எரிசக்தி என்று வந்த திட்டங்களெல்லாம் குறி வைத்தது, பில்லே இல்லாத அந்த வீட்டை!

2011-இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. 300 சதுர அடி, மழைநீர் சேகரிப்போடு கான்கிரீட் வீடு, ஆண்டுக்கு 60,000 வீடுகள், முழுச் செலவும் மாநில அரசுடையது. ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 ரூபாய் சூரிய ஒளி விளக்குக்கு. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, வராண்டா என்று கணக்காக ஐந்து சிஎஃப்எல் விளக்குகள். அந்தக் காலத்து மின்வெட்டை நினைத்தால், ராத்திரி ஊரே இருண்டு கிடக்கும்போது அந்த வீடுகளில் மட்டும் வெளிச்சம் இருந்தது சின்ன விஷயம் இல்லை. பிள்ளைகள் படித்தார்கள்.

பேட்டரி இருந்தவரை. சூரியத் தகடு இருபது வருடம் உழைக்கும், பேட்டரி நாலைந்து வருடம்தான். அது போனதும் புதிது வாங்கச் சில ஆயிரம் ரூபாய் வேண்டும். அதற்குள் மின்வெட்டும் குறைந்தது, 100 யூனிட் இலவசமும் வந்தது. சும்மா வரும் கரண்டை விட்டுவிட்டு யார் பேட்டரி வாங்குவார்? கூரைமேல் கம்பத்தில் தகடு மட்டும் வானம் பார்த்து நிற்கும் வீடுகள் இப்படித்தான் உருவாயின. திட்டத்தில் வீட்டுக்குக் காசு இருந்தது, விளக்குக்குக் காசு இருந்தது, ஐந்தாம் வருடப் பேட்டரியை மட்டும் யாரும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்தது, வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போட 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த சூர்ய கர் திட்டம். 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, ஒரு கோடி வீடுகள் இலக்கு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் போனால் 78,000 ரூபாய் மானியம். இதில் பேட்டரித் தொல்லை இல்லை. பகலில் உற்பத்தியாவதில் வீட்டுக்குப் போக மீதி நேராகக் கிரிடுக்குப் போகும். வசதியான வீட்டுக்கு இது லாபம், சந்தேகமே இல்லை. ஏசி ஓடும் வீட்டில் இரண்டு மாத பில்லில் நன்றாகவே குறையும். அரசு கட்டித் தந்த தொகுப்பு வீட்டுக்காரருக்கு? ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. அவர் எரிப்பதோ 80, 90. அதுவும் இலவசம். மானியம் போக மீதியைக் கையிலிருந்து போட்டு, இல்லாத பில்லைக் குறைக்கச் சொல்கிறது திட்டம். சுமார் 100 சதுர அடிக் கூரையையும் கேட்கிறது. மிளகாய் காயப் போடுவதும், கோடை ராத்திரியில் பாய் விரித்துப் படுப்பதும் அந்தக் கூரையில்தான்.

இதே திட்டத்தில் உள்ளாட்சிக்கும் ஒரு பங்கு உண்டு. தன் எல்லைக்குள் கூரைத் தகடு போடும் வீடு ஒன்றுக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. 200 வீடு போட்டால் 2 லட்சம், ஒரே தடவை. ஊராட்சிக்கு இதில் கிடைக்கும் வேடம் தரகர் வேடம்.

ஓடந்துறை உரிமையாளர் வேடம் போட்டது. முதலில் சின்னதாகத்தான் தொடங்கினார்கள்: தெருவிளக்கு சிலவற்றைச் சூரிய ஒளிக்கு மாற்றினார்கள், 2003-இல் மரக்கழிவை எரித்து வாயுவாக்கும் 9 கிலோவாட் கருவி வைத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள். அது போதவில்லை. காற்றாலைக்கான மொத்தச் செலவு 1.55 கோடி. ஊராட்சி சேர்த்து வைத்திருந்த 40 லட்சத்தைப் போட்டு, மீதி 1.15 கோடிக்கு வங்கியில் கடன் வாங்கியது. காற்றாலை ஓடந்துறையில் இல்லை. கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் ஆளைத் தள்ளும் காற்று அங்கேதான் கிடைக்கும். எங்கே காற்றோ அங்கே உற்பத்தி, எங்கே மோட்டாரோ அங்கே செலவு, நடுவில் மின்வாரியக் கம்பி.

இங்கே ஒரு கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் காற்றாலை ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட் தந்தது, ஊராட்சியின் தேவை 4.5 லட்சம், மீதி 2.25 லட்சம் யூனிட்டை விற்று ஆண்டுக்கு 19 லட்சம் ரூபாய் வருமானம் என்று திரும்பத் திரும்ப அச்சாகிறது. 2006-இல் புதிய காற்றாலை மின்சாரத்துக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 90 காசு. 2.25 லட்சத்தைப் பெருக்கிப் பார்த்தால் ஆறரை லட்சம்தான் வரும். 6.75 லட்சம் யூனிட் முழுவதையும் பெருக்கினால் 19.57 லட்சம். அதாவது, 19 லட்சம் என்பது மொத்த உற்பத்தியின் மதிப்பு. இதனால் சாதனையின் அளவு குறைந்துவிடாது. 1.15 கோடிக் கடன் ஏழெட்டு வருடத்தில் தீர்ந்ததில் இந்தத் தொகைக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு அது ஊரின் பொதுப் பணம். பெருக்கல் தப்பாகச் சொன்னால், நம்பி இறங்குகிற அடுத்த ஊராட்சி மாட்டிக்கொள்ளும் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லா ஊருக்கும் காற்றாலை சரிப்படாது, தலைவர்கள் கையில் கோடிகளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயம்தான். தணிக்கை என்று ஒன்று அதற்குத்தான் இருக்கிறது.

இந்தக் கதை ஏன் ஊர் ஊராகப் பரவவில்லை என்பதுதான் உறுத்துகிறது. ஒரு காரணம் ஊராட்சியின் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. ஊராட்சிக்காரர்கள் ‘ரெண்டாம் நம்பர் கணக்கு’ என்று சொல்வார்கள். மாநில நிதிக்குழு மானியத்திலிருந்து அதில் விழும் பணத்தை மின்கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் மட்டுமே எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஊர் இருட்டில் கிடக்காது. ஆனால் மோட்டாரைக் கவனமாக ஓட்டி மாதம் பத்தாயிரம் மிச்சம் பிடித்தால், அந்தப் பத்தாயிரத்தில் ஒரு சாக்கடைப் பாலம்கூடக் கட்ட முடியாது. மிச்சம் பிடிக்க யாருக்கு மனசு வரும்? 40 லட்சம் சேர்த்து வைக்கும் ஊராட்சி இனி எங்கிருந்து வரும்?

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. கடன் வாங்க முடிவெடுக்க, வங்கி மேலாளர் முன்னால் போய் உட்கார, ஏழெட்டு வருடம் தவணை கட்ட ஊருக்கு ஒரு தலைமை வேண்டும். ஓடந்துறைக்கு அது வாய்த்தது. 1996 தொடங்கி இடைவெளியில்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்த காலத்தில்தான் எல்லாம் நடந்தது. பிறகு என்ன ஆனது? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான். நடுவில் மூன்று வருடம் தனி அலுவலர்கள். அப்போது தேர்வான 27 மாவட்ட மன்றங்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. கோவையும் அதில் ஒன்று. மறுபடியும் தனி அலுவலர்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே பல ஊராட்சிகள், ஒன்றிய அலுவலக வேலைகள் வேறு. சம்பளம் போடுவார்கள், பில் கட்டுவார்கள், பிளீச்சிங் பவுடர் வாங்குவார்கள். பத்து வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் துணிச்சல் அந்த நாற்காலிக்குக் கிடையாது. அப்படி எதிர்பார்ப்பதும் சரியில்லை.

இதே சமயத்தில்தான் பெரிய முடிவுகள் வாசலில் நிற்கின்றன. மாநில அரசு 2024-25-இல் தொடங்கிய கனவு இல்லம் வீட்டுத் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. எட்டு லட்சம் வீட்டுக்கும் தண்ணீர் ஏற்ற வேண்டும். சூர்ய கர் திட்டத்திலேயே மாதிரி சூரிய கிராமம் என்று மாவட்டத்துக்கு ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து ஒரு கோடி ரூபாய் கொடுக்கும் பிரிவு இருக்கிறது. 5,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்கள் போட்டியிடலாம். அந்த ஒரு கோடியை வீடு வீடாகத் தகடு ஒட்டித் தீர்ப்பதா, குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஈடாக ஊர்ப் பொது நிலத்தில் ஒரே நிலையமாக நிறுத்துவதா? கிராமசபை கூடிப் பேச வேண்டிய விஷயம் இது. நடத்தி வைக்கத் தலைவர் நாற்காலியில் ஆள் வேண்டும்.

ஓடந்துறைக் காற்றாலைக்கும் 2026-இல் இருபது வயது. இருபது வருடம் தாண்டிய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரிதாக வைப்பது, பழுது பார்த்து ஆயுளை நீட்டிப்பது பற்றித் தமிழ்நாடு 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. 350 கிலோவாட் என்பது இன்று பொம்மை அளவு. இப்போது நிறுத்துகிற காற்றாலை ஒவ்வொன்றும் மெகாவாட் கணக்கில் இருக்கிறது, விலையும் அதற்கேற்பப் பல கோடி. தனியார் காற்றாலைக்காரர்கள் ஆடிட்டரையும் பொறியாளரையும் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மைவாடியில் நிற்கும் ஊராட்சிக் காற்றாலையைப் புதுப்பிப்பதா, பழுது பார்த்து ஓட்டுவதா, விற்பதா என்று சொல்ல வேண்டியவர்கள் ஓடந்துறை வாக்காளர்கள். கிராமசபை வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. மோட்டார் ரூம் மீட்டர் அட்டைகளின் மொத்தத் தொகையை அங்கே வாசிக்கும் பழக்கம்கூடப் பெரும்பாலான ஊர்களில் இன்னும் வரவில்லை.